எம்.எஸ். நோயும் மனச்சோர்வும்: மட்டக்களப்பு வெயிலில் உடற்பயிற்சியைத் தொடங்குவது எப்படி

என் தங்கச்சிக்கு எம்.எஸ். (மல்டிபிள் ஸ்க்ளெரோசிஸ் என்கிற நரம்பு நோய்) என்று தெரிந்து இது ஆறாவது வருஷம். முதல் இரண்டு வருஷமும் நாங்கள் அவளுடைய காலையும் கண்ணையும் பற்றியே கவலைப்பட்டோம். இடது கால் இழுபட்டது, வலது கண்ணில் புகை மூடினது போல் இருந்தது, அதற்கெல்லாம் ஓடித்திரிந்தோம். ஆனால் அவள் மத்தியானம் வரைக்கும் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக் கிடந்ததை ஒருவரும் நோயாகப் பார்க்கவில்லை. "சும்மா யோசிக்காதகா, எல்லாம் சரிவரும்" என்று அம்மா சொல்லுவா. சொந்தக்காரர் கண்ணூறு என்றார்கள். நான் சோம்பல் என்று நினைத்தேன். அப்படி நினைத்தது இன்றைக்கும் எனக்கு உறுத்துகிறது.

அது மனச்சோர்வு. எம்.எஸ். உள்ளவர்களில் ஏறத்தாழப் பாதிப்பேர் வாழ்நாளில் ஒரு கட்டத்திலாவது அதற்குள் விழுகிறார்கள். நோய் வந்துவிட்டதே என்ற கவலை மட்டும் அதற்குக் காரணமில்லை. மல்டிபிள் ஸ்க்ளெரோசிஸ் என்பது உடம்பின் எதிர்ப்புச் சக்தியே நரம்புகளின் மேலுறையைத் தாக்குகிற நோய். வயரின் உறை தேய்ந்தால் கரண்ட் ஒழுங்காகப் போகாததுபோல, மூளை, முள்ளந்தண்டு வடம், கண் நரம்பு என்று உறை போன இடத்தில் சேதி தடைப்படும். மனநிலையைக் கவனிக்கிற மூளைப் பகுதிகளிலும் அதே தழும்பு விழலாம். அந்தத் தாக்குதலால் வருகிற அழற்சியும் மனதைக் கீழே இழுக்கும். ஆகவே கால் இழுபடுவது எவ்வளவு எம்.எஸ்ஸோ, மனம் சோர்வதும் அவ்வளவு எம்.எஸ்.

இதற்கு உடற்பயிற்சி உதவும் என்றால், "நடக்கவே ஏலாத பிள்ளைக்கு எக்சசைஸா?" என்று கேட்பார்கள். எங்கள் வீட்டிலும் கேட்டார்கள். ஒரு கிளினிக்கில் எங்களுக்குச் சொன்னதும் "அலையாமல் ஓய்வாக இருங்க" என்பதுதான். ஒரு காலத்தில் உலகம் முழுக்க அதுதான் மருத்துவப் புத்தி. 1996இல் அமெரிக்காவின் யூட்டாவில் எம்.எஸ். உள்ள 54 பேரை வைத்து ஓர் ஆய்வு நடந்தது. அவர்களில் ஒரு பகுதியினர் 15 கிழமைக்கு, கிழமையில் மூன்று நாள், 40 நிமிஷம் கையாலும் காலாலும் மிதிக்கும் சைக்கிள் பயிற்சி செய்தார்கள். உடம்பு வலுத்ததோடு மனச்சோர்வும் கோபமும் இடையில் குறைந்ததைப் பதிவு செய்தார்கள். பின்னால் வந்த ஆய்வுகளும் அதே பக்கம்தான் காட்டுகின்றன. பயன் பெரிய அற்புதம் அல்ல, ஆனால் இருக்கிறது. 2014இல் 26 ஆய்வுகளையும் அவற்றில் இருந்த 1,295 பேரையும் சேர்த்துப் பார்த்தபோது, நோய் திரும்பத் தாக்கியது பயிற்சி செய்தவர்களில் நூற்றுக்கு 4.6 பேரை, செய்யாதவர்களில் 6.3 பேரை. பயிற்சி செய்தால் எம்.எஸ். கிளம்பிவிடும் என்ற பயத்துக்கு இடமில்லை.

நான் டொக்டர் இல்லை. பிசியோதெரபி மிஸ் சொல்லித் தந்ததும், மனநலக் கிளினிக்கில் கேட்டறிந்ததும், நாங்கள் பிழை விட்டுத் திருத்தியதும்தான் கீழே இருப்பவை. எல்லாவற்றுக்கும் ஒரே அளவுகோல்: நாளைக்கும் செய்யக்கூடிய அளவுதான் இன்றைக்கு உரிய அளவு.

1. களைப்பையும் மனச்சோர்வையும் பிரித்துப் பாருங்கள்

எம்.எஸ்ஸில் பெரும்பாலானவர்களுக்குக் கடும் களைப்பு இருக்கும். அது வேறு, மனச்சோர்வு வேறு. இரண்டும் சேர்ந்தும் வரும். நாங்கள் பிரித்தறிந்த விதம் இது. மாமாங்கக் கோயில் தீர்த்தத்துக்குப் போக ஆசை, ஆனால் கால் வராது என்றால் அது களைப்பு. எல்லாரும் வெளிக்கிடும்போது "போய் என்ன காணப் போறன்" என்று தோன்றினால் அங்கே மனச்சோர்வு இருக்கிறது.

டொக்டர்மார் முதலில் கேட்கிற இரண்டு கேள்விகளை நீங்களே கேட்டுப் பாருங்கள். கடந்த இரண்டு கிழமையில், முன்பு விருப்பமாகச் செய்தவற்றில் நாட்டமில்லாமல் போன நாட்கள் எத்தனை? மனம் இடிந்து, நம்பிக்கையற்று இருந்த நாட்கள் எத்தனை? பாதிக்கு மேற்பட்ட நாட்கள் என்றால் பயிற்சியை மட்டும் நம்பி இருக்காமல் மனநலக் கிளினிக்குக்குப் போங்கள். மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையில் மனநலப் பிரிவு இருக்கிறது. அம்பாறை, கல்முனைப் பக்கம் உள்ளவர்கள் கிட்டடி ஆஸ்பத்திரியின் ஓ.பி.டி.யில் மனநலக் கிளினிக் எந்த நாள் என்று கேட்டால் சொல்லுவார்கள்.

துக்கமே இல்லாமல் திடீரென்று அழுகை வருவதும், அடக்க முடியாமல் சிரிப்பு வருவதும் எம்.எஸ்ஸில் உண்டு. அது மனச்சோர்வு அல்ல, தனியான ஒன்று. அதற்கும் மருந்து இருக்கிறது, வெட்கப்படாமல் சொல்லுங்கள்.

சாக வேண்டும் என்ற எண்ணம் வந்தால் ஒரு நாளும் பொறுக்க வேண்டாம். தேசிய மனநல நிறுவகத்தின் 1926 இலக்கத்துக்கு எந்த நேரமும் எடுக்கலாம். வீட்டில் ஒருவர் கூடவே இருக்க வேண்டும். உயிருக்கு ஆபத்து என்றால் 1990க்கு எடுத்து அம்புலன்ஸைக் கூப்பிடுங்கள்.

2. தொடங்கும் முன் கிளினிக்கில் கேட்டுக்கொள்ளுங்கள்

அடுத்த கிளினிக் நாளில் ஒரு கொப்பித் தாளில் எழுதிக்கொண்டு போங்கள். அங்கே போனால் பாதி மறந்துவிடும். இருதயம், பிரஷர் எப்படி, எந்தப் பயிற்சி கூடாது, எடுக்கிற குளிசைகளில் எது தூக்கம் தரும் (தசை இறுக்கத்துக்குத் தருகிற பக்லோபன் சிலரை மந்தமாக்கும், அதைக் குடித்த கையோடு நடக்கப் போகக் கூடாது) என்பவற்றைக் கேளுங்கள். நோய் தாக்கும்போது ஏற்றுகிற ஸ்டீரொயிட் மனநிலையை ஏற்றி இறக்கும். இன்டர்பெரோன் ஊசி போடுகிறவர்கள் மனச்சோர்வு இருப்பதைக் கட்டாயம் சொல்ல வேண்டும். பிசியோதெரபிக்கு ஒரு துண்டு எழுதித் தரச் சொல்லுங்கள்.

மனச்சோர்வுக்குக் குளிசை குடிக்கிறவர்கள், நடக்கத் தொடங்கிவிட்டோம் என்று அதை நிறுத்தக் கூடாது. பயிற்சி மருந்தோடு சேர்ந்து வேலை செய்கிறது, மருந்தின் இடத்தை அது பிடிக்காது.

3. முதலில் சூட்டை அடக்குங்கள்

குளிர் நாடுகளில் எழுதிய வழிகாட்டிகளில் இதற்கு ஒரு வரிதான் இருக்கும். மட்டக்களப்பில் முழுக் கதையும் இதுதான்.

நாங்கள் தொடங்கியது ஒரு ஜூலை மாதம். கச்சான் என்கிற வரண்ட சூட்டுக் காற்று வீசுகிற காலம். காலை எட்டரை மணிக்குத் தேத்தண்ணி குடித்துவிட்டு, கல்லடிக் கடற்கரைப் பக்கம் போகிற ரோட்டில் இரண்டு பேரும் நடந்தோம். பத்து நிமிஷம் போயிருக்காது. "அக்கா, எனக்கு உன்ர முகம் தெரியல்ல" என்றாள். கண் மங்கிவிட்டது, காலும் துவண்டது. யாரோ ஒருவருடைய கேற்றடியில் இருத்தினேன். அந்த வீட்டு அம்மா சருவச்சட்டியில் கிணற்றுத் தண்ணீர் கொண்டுவந்து முகத்திலும் கழுத்திலும் ஊற்றினா. முக்கால் மணித்தியாலத்தில் பார்வை திரும்பியது. நாங்களோ நோய் திரும்பத் தாக்கிவிட்டது என்று பயந்து, மூன்று மாதம் பயிற்சி என்ற பேச்சையே எடுக்கவில்லை. அவள் பழையபடி சுவர்ப் பக்கம் திரும்பிவிட்டாள். அந்த மூன்று மாதமும் வீண்.

1890இல் ஜேர்மன் கண் மருத்துவர் வில்ஹெல்ம் ஊத்ஹோஃப் இதைத்தான் எழுதிவைத்தார். எம்.எஸ். உள்ளவர்கள் உடம்பை வருத்தினால் பார்வை மங்கி, ஆறினதும் திரும்புகிறது என்றார். அவர் உழைப்பைக் காரணமாகச் சொன்னார். உண்மைக் காரணம் உடம்புச் சூடு என்பது பின்னால்தான் தெளிவானது. உறை தேய்ந்த நரம்பில் அரைப் பாகை செல்சியஸ் சூடு ஏறினாலே சேதி தடைப்படும். புதிதாக எந்தச் சேதமும் நடப்பதில்லை, சூடு இறங்கினால் பழைய நிலை திரும்பும். இதை முதலே யாராவது எங்களுக்குச் சொல்லியிருந்தால் போதும்.

ஆகவே இப்படிச் செய்யுங்கள். வெளியே என்றால் வெள்ளன, ஐந்தரைக்கும் ஆறரைக்கும் இடையில். பின்னேரம் வெயில் சாய்ந்தாலும் கொங்கிரீட் ரோட்டும் தகரக் கூரையும் சூட்டைக் கக்கிக்கொண்டே இருக்கும், அதனால் இருட்டும்வரை பொறுங்கள். தொடங்கும் முன் கிணற்றுத் தண்ணீரில் குளிக்கலாம், முடியாவிட்டால் கைகால், கழுத்து நனையுங்கள். ஒரு பருத்தித் துவாயை நனைத்துப் பிழிந்து அரை மணித்தியாலம் பிரிட்ஜில் வைத்துக் கழுத்தில் போட்டுக்கொண்டால் கால்மணித்தியாலம் தாங்கும். ஐஸ் தண்ணீர்ப் போத்தல் ஒன்று கையில். உள்ளே என்றால் பேனுக்கு நேரே. கச்சான் நாட்களில் வெளியே போகவே வேண்டாம், நேரத்தையும் பாதியாக்குங்கள். காய்ச்சல் நாளில் பயிற்சி இல்லை. டெங்குக் காலத்தில் இதை நினைவில் வையுங்கள்.

எது சூடு, எது தாக்கம் என்று அறிய ஒரு கணக்கு உண்டு. ஆறினதும் போய்விட்டால் சூடு. காய்ச்சலும் சிறுநீர்க் கிருமித் தொற்றும் இல்லாமல், புதிய அறிகுறி ஒன்று 24 மணித்தியாலத்துக்கு மேல் நின்றால் ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

4. முதல் இரண்டு கிழமை: ஐந்து நிமிஷம், அதற்குமேல் வேண்டாம்

உங்களால் எவ்வளவு முடியும் என்று பாருங்கள், அதில் பாதியோடு நிறுத்துங்கள். இருபது நிமிஷம் நடக்க முடிந்த நாளில் இருபதும் நடந்தால் அடுத்த இரண்டு நாள் கட்டில்தான். கட்டிலில் கிடக்கிற இரண்டு நாளில் "என்னால ஒண்டும் ஏலா" என்ற எண்ணம் இன்னும் இறுகும். மனச்சோர்வுக்கு அதைவிடத் தீனி இல்லை.

எங்கள் முதல் கிழமை இப்படி: தேத்தண்ணி முடிந்ததும் முற்றத்தில் கேற் வரை போய் வருவது, ஐந்து நிமிஷம், ஒரு நாள் விட்டு ஒரு நாள். நடக்கும்போது கதைக்க முடிய வேண்டும், பாட முடியாமல் இருக்க வேண்டும். அதுதான் சரியான வேகம். மூச்சு வாங்கிக் கதை நின்றால் வேகம் கூட. இரண்டாம் கிழமை முடிய, கிழமைக்கு இரண்டு நிமிஷமாகக் கூட்டினோம்.

கனடாவில் 2013இல் எம்.எஸ். உள்ள பெரியவர்களுக்கு வகுத்த அளவு, கிழமைக்கு இரண்டு நாள் 30 நிமிஷம் நடுத்தர வேகப் பயிற்சி, அதோடு இரண்டு நாள் தசைப் பயிற்சி. இலேசான, நடுத்தரப் பாதிப்பு உள்ளவர்களுக்கான அளவு அது. அங்கே போய்ச் சேர எங்களுக்கு ஏழு மாதம் பிடித்தது. உங்களுக்குக் கூடவும் பிடிக்கலாம்.

5. ஒரு கதிரையும் இரண்டு தண்ணிப் போத்தலும்

தசைப் பயிற்சிக்குக் காசு செலவில்லை. பிளாஸ்டிக் கதிரை வேண்டாம், வழுக்கும். கையுள்ள மரக் கதிரையைச் சுவரோடு ஒட்டி வையுங்கள்.

கதிரையின் முன் விளிம்புக்கு நகர்ந்து இருங்கள். பாதம் இரண்டும் தரையில் முழுதாகப் படிய, குதி முழங்காலுக்குச் சற்றுப் பின்னால் வர வேண்டும். மூக்கு முழங்காலுக்கு நேரே வரும்வரை முன்னுக்குச் சாய்ந்து, கையை ஊன்றாமல் எழும்பப் பாருங்கள். முடியாவிட்டால் ஊன்றலாம், பிழையில்லை. எழும்புவதைவிட இருப்பதுதான் முக்கியம். பொத்தென்று விழாமல், மூன்று எண்ணி மெல்ல இறங்குங்கள். தங்கச்சி முதல் நாள் நான்கு தரம் எழும்பினாள், நாலாம் தரம் தொடை நடுங்கியது. நடுக்கம் வந்தால் அன்றைக்குப் போதும். பத்துத் தரம் வந்ததும் இரண்டு மூன்று நிமிஷம் ஆறி இன்னொரு சுற்று.

அதற்குப் பிறகு சுவரில் கை வைத்துத் தள்ளுவது, யன்னல் கம்பியைப் பிடித்துக் குதியை உயர்த்துவது, அரை லீற்றர் தண்ணீர்ப் போத்தலை இரு கையிலும் தூக்கி இறக்குவது. கடைசியாகக் கெண்டைக்காலை அரை நிமிஷம் நீட்டிப் பிடிப்பது. இறுக்கம் உள்ளவர்களுக்கு இது இரவு நித்திரைக்கும் உதவும். சமநிலைப் பயிற்சியை ஒருபோதும் தனியாகச் செய்யாதீர்கள்.

சக்கர நாற்காலியில் இருப்பவர்களுக்கும் இது முழுக்கப் பொருந்தும். பிரேக்கைப் போட்டுவிட்டு, போத்தல் தூக்குவது, குத்துவதுபோல் கையை மாறி மாறி நீட்டுவது, முடிந்த அளவு முழங்காலை உயர்த்துவது. இருதயம் வேகமாக அடித்தால் அது பயிற்சிதான்.

6. வெளியே போவதென்றால்

வெளியே போகாததற்கு மனம் மட்டும் காரணமில்லை. தங்கச்சி ஒரு வருஷம் கழித்துத்தான் சொன்னாள், "இடையில ஒண்டுக்கு வந்திட்டால் என்ன செய்ய?" என்று. எம்.எஸ்ஸில் சிறுநீர் அவசரம் சாதாரணம். அதற்குப் பயந்து தண்ணீர் குடிக்காமல் இருப்பார்கள், அது தொற்றையும் மலச்சிக்கலையும் கொண்டுவரும். போகும் முன் கழிப்பறைக்குப் போங்கள். வீட்டைச் சுற்றியே சிறு வட்டமாக நடவுங்கள், எந்த இடத்திலிருந்தும் வீடு ஐந்து நிமிஷத்துக்குள் இருக்க வேண்டும். இந்தக் குறையைக் கிளினிக்கிலும் சொல்லுங்கள்.

கல்லடிப் பாலத்தில் காற்று நல்லது, ஆனால் நடுவில் கால் சோர்ந்தால் திரும்பி வரவும் அதே தூரம். வாவிக்கரைக் காந்தி பூங்கா அதைவிட வசதி, நடந்து இருந்து நடந்து போகலாம். கடற்கரை மணல் கால் இழுபடுகிறவர்களுக்கு ஆகாது, ரோட்டோரம் நடவுங்கள். பாசிக்குடாவில் கடல் ஆழமில்லாமல் அமைதியாக இருக்கும் காலத்தில், வெள்ளன இடுப்பளவு தண்ணீரில் நடப்பது அருமையான பயிற்சி. தண்ணீர் பாரத்தையும் தாங்கும், சூட்டையும் எடுக்கும். இரண்டு பேர் கூட நிற்க வேண்டும். வாவியில் இறங்க வேண்டாம், முதலை உண்டு.

தெருவில் ஆட்கள் பார்ப்பார்கள், கேட்பார்கள். "குடிச்சவன் மாதிரி நடக்கிறாள்" என்று ஒருவர் சொன்னது எங்கள் காதிலேயே விழுந்தது. கைத்தடி பிடித்த பிறகு அந்தப் பேச்சு நின்றது. தடி விழாமல் காக்கிறது, ஆட்களுக்கும் பதில் சொல்லிவிடுகிறது. வெளியே நடப்பது ஒத்துவராத பெண்கள் வீட்டு ஹோலையும் முற்றத்தையும் அளந்து வைத்துக்கொள்ளலாம். காத்தான்குடியில் எனக்குத் தெரிந்த ஒரு சகோதரி வீட்டு மொட்டை மாடியில்தான் நடக்கிறா. நோன்பு மாதத்தில், நோன்பு திறந்து ஆறிய பிறகு நேரத்தை வைக்கிறா. நோன்பு பிடிக்கலாமா என்பதை டொக்டரிடம் கேட்டுத்தான் முடிவு செய்தா.

7. மனம் ஏலாது என்கிற நாள்

மனச்சோர்வில் விருப்பம் முதலில் வராது. செய்த பிறகுதான், அதுவும் கொஞ்சமாக வரும். விருப்பம் வரட்டும் என்று காத்திருந்தால் வருஷம் போய்விடும். அதனால் நேரத்தைக் கட்டிவைத்தோம். தேத்தண்ணி முடிந்தால் செருப்பு, அவ்வளவுதான். மனநிலையைக் கேட்பதில்லை.

மிகவும் ஏலாத நாளுக்கு ஒரு சிறிய அளவை முன்கூட்டியே பேசி வைத்துக்கொண்டோம். கட்டிலில் இருந்து எழும்பிக் கதிரையில் இரண்டு தரம் எழும்பி இருப்பது. அதைச் செய்தால் அன்றைக்குச் செய்ததாகவே கணக்கு.

கணக்கு எழுதுவது தினக்கலண்டர்த் தாளில். கிழித்த தாளின் பின்பக்கம் அவள் மூன்றே விஷயம் எழுதுவாள்: எத்தனை நிமிஷம், முன்னால் மனம் பத்துக்கு எத்தனை, பின்னால் எத்தனை. தாள்களை ஒரு பிஸ்கட் டின்னில் போட்டுவைத்தோம். ஆறு கிழமைக்குப் பிறகு ஒரு மழை நாளில் தரையில் பரப்பிப் பார்த்தோம். பெரும்பாலான தாள்களில் மூன்று நாலாகியிருந்தது, சிலதில் ஐந்து. ஒரு தாளில் இரண்டு ஒன்றாகியிருந்தது, அது கச்சான் நாள். "நான் ஒரு நாளும் நல்லா இருக்கல்ல" என்றுதான் அதுவரை சொல்லிக்கொண்டிருந்தாள். தாள்கள் வேறு சொன்னன. தன் கையெழுத்து என்பதால் அவளால் மறுக்க முடியவில்லை.

எட்டுப் பத்துக் கிழமை ஒழுங்காகச் செய்தும் எண்கள் அசையவில்லை என்றால் தாள்களை அப்படியே மனநலக் கிளினிக்குக்குக் கொண்டுபோங்கள். குளிசையோ அளவோ மாற்ற வேண்டியிருக்கலாம்.

8. நோய் தாக்கினால், மாரி வந்தால்

நோய் திரும்பத் தாக்கினால் நிறுத்துங்கள். டொக்டர் சொன்ன பிறகு ஐந்து நிமிஷத்திலிருந்து தொடங்குங்கள், விட்ட இடத்திலிருந்து வேண்டாம். மாரியில் நவம்பரிலிருந்து ஜனவரி வரை முற்றம் சேறு, வழுக்கும். அப்போது கதிரைப் பயிற்சியைக் கூட்டி, நடையை ஹோலுக்குள் வைத்துக்கொள்ளுங்கள். ஈரக் காலோடு சீமெந்துத் தரையில் நடக்க வேண்டாம், விழுவது அப்படித்தான்.

9. வீட்டாருக்கு

"இன்றைக்கு நடந்தியா?" என்று கேட்காதீர்கள். சோர்ந்த மனதுக்கு அது விசாரணையாகத்தான் கேட்கும். "பக்கத்து வீட்டு மாமி எழுபது வயதிலயும் நடக்கிறா" என்ற ஒப்பிடலும் வேண்டாம். அவள் "அக்கா, ஒல்லுப்போல நிண்டுட்டுப் போவம்" என்றால் நில்லுங்கள், ஏன் என்று கேட்க வேண்டாம்.

"நான் வெளிக்கிடுறன், வாறியா?" என்று மட்டும் கேளுங்கள். செருப்பை வாசலில் எடுத்து வையுங்கள். கேற்றடியில் ஐந்து நிமிஷம் நில்லுங்கள். வராவிட்டால் நீங்கள் மட்டும் நடந்துவிட்டு வாருங்கள். அடுத்த நாளும் அதே நேரம், அதே குரலில் கேளுங்கள். என் தங்கச்சி பதினோராம் நாள்தான் வந்தாள், அதுவும் கேற் வரைக்கும்.